ஏழெட்டுப் பாட்டுக்கு ஒரே கண்ணீர்

டிவி பாட்டுப் போட்டியில் யாராவது ஒரு குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறிப் பாடும். உடனே கேமரா பார்வையாளர்கள் பக்கம் திரும்பும். அங்கே முன்வரிசையில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்மணி வாயைப் பிளந்து, நெஞ்சில் கையை வைத்து, இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள்தான் முன்வரிசை அக்கா. அந்தப் பாட்டுக்கும் அந்த வாய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. குழந்தை பாடியது சாயங்காலம். அக்கா வாயைப் பிளந்தது காலையில், காலி மேடையைப் பார்த்து.

இதைக் கேட்டு யாரும் மனம் நோக வேண்டாம். டிவிக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான். கூட்டம் சேர்த்துத் தருவதற்கென்றே ஓர் ஏஜென்ட் இருந்தார். வேனில் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்து ஸ்டுடியோ வாசலில் இறக்குவார். பாடுகிறவர்கள் மேக்கப் போட்டு முடிப்பதற்குள், ஃப்ளோர் மேனேஜர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இப்போது ஆச்சரியம், இப்போது சிரிப்பு, இப்போது கண் கலங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கறந்து வைத்துக்கொள்வார். அப்புறம் எந்தப் பாட்டுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்து ஒட்டிவிடுவார்கள். பின்வரிசைக்காரர்கள் பாதி நேரம் தூங்கினாலும் கேள்வி கிடையாது, அவர்களுக்குக் கைதட்டல் மட்டும்தான் பொறுப்பு. முகத்துக்கு முன்வரிசை.

அக்கா முன்வரிசைக்கு வந்தது சிரிப்பால். பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணையாக ஒருநாள் வேனில் ஏறிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கச் சொன்னார்கள். அவளுக்குச் சிரிப்பு வரும்போது முதலில் தோள் குலுங்கும், சத்தம் வராது. பிறகு பக்கத்தில் இருப்பவர் தொடையில் ஓங்கி ஓர் அடி விழும். அதற்கப்புறம்தான் சத்தம். அடி வாங்கியவள் சிரிப்பாள், அவளைப் பார்த்து அடுத்தவள் சிரிப்பாள், கொஞ்ச நேரத்தில் வரிசையே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடக்கும். ஏஜென்ட் ஓடி வந்து அவளைக் கையோடு அழைத்துப்போய் முன்னால் உட்கார வைத்தார். ஏசி குளிரில் பல் தந்தியடித்ததால் அடுத்த நாளிலிருந்து பச்சை ஸ்வெட்டரும் கூடவே வந்தது. சிரிப்பதற்குக்கூடவா சம்பளம் தருகிறார்கள் என்று வீட்டில் கணவர் கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் செல்போனுக்குத் திரும்பிவிட்டார்.

கணவர் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். பகல் முழுக்க மோட்டாரைக் கழற்றி மாட்டுவார். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டபின், எந்தத் தேசத்திலோ எவனோ மோட்டாரைக் கழற்றி மாட்டுவதைச் செல்போனில் பார்ப்பார். நடுநடுவே, அப்படி இல்லடா மடையா, என்று அவனைத் திட்டுவார். மகளுக்கு அவள் செல்போன். அக்காவுக்கும் ஒன்று உண்டு, அதில் யாரோ அலமாரி அடுக்கிக்கொண்டே இருப்பார்கள். மூன்று பேரும் ஒரே ஹாலில், ஒரே சோபாவில். யாராவது ஒருவர் திடீரென்று சிரித்தால் மற்ற இருவரும் தங்களிடம்தான் ஏதோ சொல்லியாகிவிட்டது என்று காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு "என்ன?" என்பார்கள். "ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். அந்த வீட்டில் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அவ்வளவுதான். சுவரில் டிவி ஒன்றும் இருந்தது. தூசி படாமல் இருக்க அதன் மேல் துணி போட்டு மூடியிருந்தார்கள். அக்கா வருகிற நிகழ்ச்சியை அக்கா வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அதனால்தான் வேன் வரும் நாளென்றால் அவளுக்குக் கால் தரையில் பாவாது. அங்கே நாலு பேர் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். டீ வரும், பிஸ்கட் வரும், யார் வீட்டில் என்ன சண்டை என்று கதை வரும். சிரிக்கச் சொல்லித்தான் சிரித்தார்கள் என்றாலும் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். அது அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது, அதை வெளியே சொல்லிக்கொள்ளத்தான் வெட்கம்.

இதெல்லாம் ஆன்லைன் வருகிற வரைக்கும். டிவியில் ஒரு காட்சி போனால் போனதுதான், யாராலும் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. அந்தத் தைரியத்தில்தான் சேனல்காரர்கள் ஒட்டு வேலையை நடத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு, டிவியில் ஆள் குறைகிறது, செல்போனில் கூடுகிறது என்று நிகழ்ச்சியை ஆன்லைனிலும் போட ஆரம்பித்தார்கள். அங்கே பார்க்கிறவன் சும்மா பார்ப்பானா? நிறுத்துகிறான், பின்னால் போகிறான், விரலால் இழுத்துப் பெரிதாக்குகிறான். இப்படி நோண்டுவதையே தொழிலாக வைத்திருந்த ஓர் இளைஞன் கண்ணில் பச்சை ஸ்வெட்டர் பட்டுத் தொலைத்தது.

அவன் ஏழெட்டுப் பாட்டுகளிலிருந்து அக்காவை வெட்டியெடுத்து அடுத்தடுத்து ஒட்டினான். தாலாட்டுக்கும் அதே அக்கா, காதல் பாட்டுக்கும் அதே அக்கா. எல்லாவற்றிலும் இடது கண்ணில் திரண்டு, உருண்டு, கன்னத்தில் பாதி வழியில் நிற்கும் அதே கண்ணீர்த் துளி. ஒரு குத்துப் பாட்டுக்குக்கூட அழுதுகொண்டிருந்தாள். 'நீலிக் கண்ணீர் அக்கா' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டான். குட்டு உடைந்ததில் ஜனங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். குத்துப் பாட்டுக்கு ஏன் அழுகிறார், யாராவது காலை மிதித்துவிட்டார்களா என்று ஒருவர் அக்கறையாக விசாரித்திருந்தார். சம்பளம் போதவில்லை போலிருக்கிறது என்றார் இன்னொருவர்.

வேடிக்கை என்னவென்றால், அக்கா அந்த ஸ்டுடியோவில் காட்டிய அத்தனை முகபாவத்திலும் அந்தத் துளி ஒன்றுதான் நிஜம். அன்று காலையில்தான் மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்பினாள். கணவருக்கு ஏதோ ஆஸ்பத்திரியில் அவசர மோட்டார் வேலை. அக்கா மட்டும் பேருந்து நிலையத்துக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே நின்று, வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி போன் பண்ணு, உன் அறை காலியாக இருந்தால் எனக்கு என்னமோ போல இருக்கும் என்றெல்லாம் சொன்னாள். கடைசியாகச் சொன்னது அவள் வாயிலிருந்து வருகிற பேச்சே இல்லை, எப்படியோ வந்துவிட்டது. மகள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். பேருந்து திரும்பும்போதுதான் அவள் மடியில் ஓடிக்கொண்டிருந்த செல்போன் அக்காவுக்குத் தெரிந்தது. காதில் இயர்போன். தலையாட்டியது அதற்கு. அங்கிருந்து நேராக வேனுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். கண் கலங்க வேண்டும் என்றார் ஃப்ளோர் மேனேஜர். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போது அவளுக்குத் தானாக வந்தது. அருமை, துடைத்துவிடாதீர்கள் என்று அவர் சொன்னதால் பாதிக் கன்னத்தில் நின்றது. அன்றைக்கு அவளுக்கு இன்னொரு டீ கொடுத்தார்கள்.

இப்போது அந்த வீடியோவை மகளே அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு டஜன் சிரிப்பு முகங்கள். 'அம்மா, நீ எங்கேயோ போயிட்ட' என்று எழுதியிருந்தாள். அக்கா பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள். வேறு என்னத்தை அனுப்புவது? ஊர் சிரித்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மகள் சிரித்தது வலித்தது. நன்றாகவே வலித்தது.

சேனலில் இனிமேல் கூட்டமே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். நாற்காலிகளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கலர் விளக்கு வைத்தார்கள். விளக்கு டீ கேட்காது, மாட்டிக்கொள்ளவும் செய்யாது. ஏஜென்ட் கவலைப்படவில்லை. கைதட்டத் தெரிந்த ஆட்களுக்கு மேடைப் பேச்சாளர்களிடம் எப்போதும் கிராக்கி உண்டு என்று அந்தப் பக்கம் போய்விட்டார். அக்காவுக்குத்தான் திக்கென்றது. மகளும் இல்லாத ஹாலில், எவனோ மோட்டார் மாட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும்.

அப்போதுதான் சேனலின் ஆன்லைன் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்தது அவள் மகள் வயசில் ஒரு பெண். நிகழ்ச்சியை ஆன்லைனில் பார்க்கிறவர்கள் பாட்டைத் தள்ளிவிட்டு அக்கா வரும் இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறார்களாம். எனவே அக்கா தனியாக உட்கார்ந்து வீடியோக்களைப் பார்க்க வேண்டும், பார்த்துச் சிரிக்க வேண்டும். அவள் பார்ப்பதை உலகம் பார்க்கும். ஒரு வீடியோ எடுத்துப் பார்ப்போம், நன்றாக வந்தால் வாராவாரம் வேலை, வராவிட்டால் இத்துடன் சரி என்று அந்தப் பெண் பட்டென்று சொல்லிவிட்டாள். ஒருத்தி வீடியோ பார்ப்பதை இன்னொருத்தன் வீடியோவில் எதற்குப் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்குப் புரியவில்லை. ஆனால் வேலை என்றால் வேலை. ஸ்வெட்டரைத் துவைத்துப் போட்டுக்கொண்டாள். கணவர் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கீழேயே இருப்பதாகச் சொன்னார்.

அது ஒரு சின்ன அறை. ஒரு நாற்காலி, வளையமாக ஒரு விளக்கு, நடுவில் கேமரா. எதிரே திரையில் ஒருவன் ஏணியிலிருந்து பெயிண்ட் வாளிக்குள் விழுந்தான். அக்கா இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு பூனை தன் வாலையே கண்டு பயந்து ஓடியது. அப்போதும் அப்படியே. இயல்பாகச் சிரியுங்கள் என்றாள் அந்தப் பெண். அக்கா முயன்றாள். விளக்கெண்ணெய் குடித்தது போல் ஒரு முகம்தான் வந்தது. இன்னொரு வீடியோ, இன்னொன்று. அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கை நழுவிப் போகிறது என்று அக்காவுக்குத் தெரிந்தது.

"தனியா சிரிச்சுப் பழக்கமில்லம்மா," என்றாள். "பக்கத்துல யாராச்சும் உட்காரட்டும். யாரா இருந்தாலும் சரி."

அலுவலகத்தில் எட்டிப் பார்த்தால் அத்தனை பேர் காதிலும் இயர்போன். கடைசியில் கணவரைத் தேடிப் பிடித்தார்கள். அந்தக் கட்டடத்து மோட்டார் சத்தம் சரியில்லை என்று அவர் கீழே காவலாளிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இன்னொரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. திரையில் ஒரு குண்டுக் குழந்தை தும்மித் தும்மி விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

"அந்தப் பையன் போட்ட வீடியோவை நானும் பார்த்தேன்," என்றார். "நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அது நடிப்பு இல்ல."

அக்கா திரும்பினாள்.

"நிஜமா அழுதா உனக்கு மூக்குதான் முதல்ல சிவக்கும். அதுல சிவந்திருக்கு. என்னைக்கு எடுத்தது அது?"

"அவ ஊருக்குப் போன அன்னைக்கு."

பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னல், சொன்ன பேச்சு, ஆட்டிய தலை. அவர் நடுவில் பேசாமல் கேட்டார். வருஷக்கணக்கில் அவர் அவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கேட்டு முடித்ததும், ஏன் அன்றைக்கே தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்லத்தான் வந்தேன். நீங்க போன்ல மோட்டார் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, "அவனும் ஒழுங்கா மாட்டல," என்றார்.

அக்காவின் தோள் குலுங்கியது. அவர் தொடையில் ஓர் அடி விழுந்தது. பிறகு சத்தம் வந்தது. அடி வாங்கியவரும் சிரித்தார், வலித்ததோ என்னவோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரொம்ப நாளைக்கப்புறம் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

கேமராவுக்குப் பின்னால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். எல்லாம் பதிவாகிவிட்டது, இதைவிட ஒன்று தேவையில்லை, அப்படியே போட்டால் உங்கள் வேலை நிச்சயம் என்றாள். அக்காவின் சிரிப்பு நின்றது.

"வேண்டாம்மா. என் மக பார்ப்பா. பார்த்தா அவளுக்கு மனசு தாங்காது. போட்டது போட்டபடி விட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து நிப்பா."

இது இல்லாவிட்டால் வேறு ஒன்றும் தேறவில்லையே அக்கா என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கணவர் கிரீஸ் படிந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து நிப்பான்னா," என்றார், "போடச் சொல்லேன்."

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "போட்டுடும்மா," என்றாள். "இன்னிக்கே போட்டுடு."