துண்டு போட்டுச் செய்த தானம்

2007இல் நான் பௌத்தனாகி ஆறேழு மாதம் ஆகியிருந்தது. ஞாயிறுதோறும் கடலூரிலிருந்து சிதம்பரம் போய், நண்பர் வீட்டு மாடியில் நடக்கும் வந்தனையில் கலந்துகொண்டு திரும்புவேன். நல்ல குணங்களில் முதலாவது தானம், தினமும் யாருக்காவது எதையாவது கொடுங்கள் என்றார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. தியானத்தில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். கோபத்தை விடு என்றால் சொன்னவர் மேலேயே கோபம் வரும். கொடுப்பது சுலபம்; நாலு பேர் பார்க்கவும் செய்வார்கள்.

நான் தேர்ந்தெடுத்த தானம், பஸ்ஸில் சீட்டு. கொடுப்பதென்றால் முதலில் நம்மிடம் இருக்க வேண்டுமே! அதனால் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்பேன். நாலு பேரை முழங்கையால் இடித்துக்கொண்டு ஏறுவேன். உட்கார்ந்து மூச்சு வாங்கியதும், தகுதியான ஆளாகப் பார்த்து எழுந்து கொடுப்பேன். இதில் என்ன கோளாறு என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஏறிப் பார்த்தால் என் துண்டின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“துண்டு போட்டிருக்கேன்ல? கண்ணு தெரியலியா? எழுந்திருங்க!”

அவர் எழுந்தார். அதுவும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு மெதுவாக. வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ் நிறைந்து நகரத் தொடங்கியது. கடைசியாக ஒரு அம்மா கூடையும் பிளாஸ்குமாக நெருக்கிக்கொண்டு வந்தார். இன்றைய தானத்துக்கு ஆள் கிடைத்தாயிற்று. துள்ளி எழுந்து, எல்லோர் காதிலும் விழும்படி, “இங்க வந்து உக்காருங்கம்மா” என்றேன்.

“எனக்கு வேணாம் தம்பி. எங்க வீட்டுக்காரர உக்கார வெய்யுங்க. கொடலெறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணி இப்பதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வர்றேன். குலுங்கித் தையல் பிரிஞ்சிடப் போவுதேன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன்.”

அவர் காட்டியது, நான் எழுப்பிவிட்ட ஆளை.

“ஏங்க, உக்காரத்தான கண்டக்டர்கிட்ட சொல்லி உங்கள மொதல்ல ஏத்திவுட்டேன்? ஏன் நின்னுக்கிட்டு இருக்கீங்க?” என்று அந்த அம்மா அவரைக் கேட்டார்.

ஜன்னலோரம் இருந்தவர் நடந்ததையெல்லாம் பார்த்தவர். என்னை முறைத்துவிட்டு வாயைத் திறந்தார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஓடும் பஸ்ஸிலிருந்து குதிக்கவும் தைரியம் இல்லை.

அதற்குள் கம்பியைப் பிடித்திருந்தவர் மெல்ல வந்து உட்கார்ந்தார். சீட்டில் கிடந்த துண்டை எடுத்து மடித்து என்னிடம் நீட்டினார்.

“இந்த சாரு நமக்காகத்தான் எடம் போட்டு வெச்சிருந்தாரு” என்றார் மனைவியிடம்.

“நல்லா இருப்பீங்க தம்பி” என்றார் அந்த அம்மா.

ஜன்னலோரக்காரர் வாயை மூடிக்கொண்டார். நான் துண்டை வாங்கி, வேர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நான் எழுப்பிவிட்டவர் கொடுத்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு, கடலூர் வரை அதே கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.