குறிப்பு வராமல் படம் இல்லை

கொழும்பு வெள்ளவத்தையில் பெண் பிள்ளைக்குக் கலியாணம் பேசத் தொடங்கும் வீடுகளுக்கெல்லாம் நாகேஸ்வரியைத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தரகு வேலை. வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் தொழிலில் ஒரே பிடிவாதம். மாப்பிள்ளையின் சாதகக் குறிப்பைப் பெண் வீட்டில் காட்டி, அது பொருந்தினால்தான் பெண்ணின் படத்தைக் கேட்பார். லண்டன் டொக்டராக இருந்தாலும் அதற்கு விலக்கு இல்லை.

அந்தப் பிடிவாதமே அவரை மாட்டிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கனடா மாப்பிள்ளை ஒருவரின் குறிப்பு என்று வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. குறிப்பென்றால் நாகேஸ்வரிக்குக் கை நிற்குமா? விரலால் அமத்தினார். ஆங்கிலத்தில் என்னவோ கேட்டது, எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அமத்தினார். குறிப்பு திறக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் அவருடைய வட்ஸ்அப் அவர் கையில் இல்லை.

பக்கத்து மாடியில் இருக்கும் தங்கை ஓடி வந்து, அக்காவின் எண்ணிலிருந்து வந்த செய்தியைத் தன் போனில் காட்டினாள். "பிள்ளையின் புதுப் படங்களை உடனே அனுப்பவும். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுகிறார்கள் – நாகேஸ்வரி."

நாகேஸ்வரி தன் பதிவேட்டைத் திறந்தார். அறுபத்து மூன்று வீட்டுப் பெண் பிள்ளைகள். எவனோ ஒருவன் கையில் அவர்களின் படங்கள் போய்ச் சேர்ந்தால்?

சீனிப் போத்தலுக்கு மூடியாகக் கிடந்த துண்டுப் பிரசுரம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தெஹிவளையில் உள்ள ஒரு கணினிப் பாதுகாப்புக் கம்பனி, சிறு தொழில் செய்பவர்களுக்கு இலவச உதவி என்று வீடு வீடாகக் கொடுத்தது. வீட்டுத் தொலைபேசியில் அதில் இருந்த எண்ணுக்கு எடுத்தார். ஒரு மணித்தியாலத்தில் பர்ஹா என்ற பெண் படியேறி வந்தாள்.

வந்தவள் ஒரு சொல் ஏசவில்லை. போனின் இணையத்தைத் துண்டித்தாள், கள்ளக் கோப்பை அகற்றினாள், வட்ஸ்அப்பை மீட்டாள். "அந்தக் கோப்பு உங்களுக்கு வந்த வட்ஸ்அப் கோட் மெசேஜ மட்டும்தான் வாசிச்சிருக்கு ஆன்ட்டி. போன்ல உள்ள படங்களத் தொடல்ல," என்றாள்.

புது இரகசிய எண் போடும்போது நாகேஸ்வரி அதை உரக்கச் சொல்லத் தொடங்கினார். பர்ஹா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாதீங்க ஆன்ட்டி! எனக்கும் தெரியப்படாது."

பழைய இரகசிய எண்ணைப் போன் திருத்தும் கடைக்காரருக்கெல்லாம் கடதாசியில் எழுதிக் கொடுத்தவர் அவர். யன்னல் பக்கம் திரும்பி நின்ற அந்தப் பிள்ளையின் முதுகைப் பார்த்தபோது, காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

"இனி எல்லா வீட்டுக்கும் நீங்கதான் சொல்லணும்," என்றாள் பர்ஹா. "நாங்க சொன்னா நம்பமாட்டாங்க. உங்கட குரல் வேணும்."

முதலில், தான் வரன் பார்க்கும் பெண்களில் ஒருத்தியான மிதுனாவின் தாய் சுபோதினிக்கு எடுத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, நாக்கு கத்தி. பிழை முழுவதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, "படம் அனுப்பிப்போட்டியளோ?" என்று கேட்டார்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள் அக்கா? நீங்கள் எந்தக் காலத்தில குறிப்பைக் காட்டாமல் படம் கேட்டனீங்கள்? வாசிச்ச உடனேயே இது நீங்கள் இல்லையெண்டு விளங்கிட்டுது."

நாகேஸ்வரி மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொன்றாக எடுத்தார். சிலர் ஏசினார்கள், சிலர் சிரித்தார்கள். படம் மட்டும் ஒரு வீட்டிலிருந்தும் போகவில்லை.

பின்னேரம் பர்ஹாவுக்கு எடுத்து, குறிப்பு இல்லாமல் படம் கேட்டதால் ஒரு வீடும் ஏமாறவில்லை என்று சொன்னார். 

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் பர்ஹா. "ஆன்ட்டி, பெரிய பெரிய கம்பனிக்கெல்லாம் இந்தப் பழக்கத்தத்தான் மாசக்கணக்கா படிச்சுக் குடுக்கிறோம். நீங்க ஒருநாள் எங்கட ஒபிசுக்கு வந்து சொல்லுவீங்களா?"

"வாறன் பிள்ளை. நீ இல்லாட்டி நான் இண்டைக்கு ஆருக்கும் முகம் குடுத்திருக்க மாட்டன்," என்று சொல்லும்போதே நாகேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வாரம் சுபோதினிக்கு அவரே வட்ஸ்அப்பில் ஒரு மாப்பிள்ளையின் குறிப்பு அனுப்பினார். உடனே வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, இது நீங்கள்தானே?"

"ஓமோம், நான்தான். கேட்டதுக்கு நல்லா இருப்பியள்," என்றார் நாகேஸ்வரி.