குதிரைக் கிளாரினெட்

வெண்ணந்தூர் சடையனுக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் உண்டு. ஒன்று, அவருடைய சவுண்ட் சர்வீஸ் குழாய் பாட ஆரம்பித்தால் ஆட்டையாம்பட்டி வரைக்கும் கேட்கும் என்பது. இன்னொன்று அவருடைய காது. முதலாவதில் கொஞ்சம் அளப்பு இருக்கிறது. காது விஷயத்தில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. இசைத்தட்டில் ஊசி இறங்கிக் கரகரக்கும்போதே இன்ன பாட்டு, இன்ன படம் என்று சொல்லிவிடுவார். டீக்கடையில் பாட்டு விஷயமாகப் பந்தயம் வந்தால் ஆள் அனுப்பி அவரைத்தான் கூப்பிடுவார்கள். சடையன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தக் காதுதான் எழுபத்து நாலாம் வருஷம் ஒரு மனுஷனின் மானத்தை வாங்கியது.

ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணம். மைக் செட் சடையனுடையது. பேண்டு செட் சேலம் அம்மாபேட்டையிலிருந்து வந்திருந்தது. அதில் கிளாரினெட் வாசிக்கிறவர் சின்னுசாமி. ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பந்தியில் யாரோ 'கோட்டைமேட்டு ராணி' படத்தைப் பற்றிப் பேச்செடுக்க, அவருக்கும் வாய் திறந்துவிட்டது.

"அந்தப் படத்துக்குப் பின்னணி வாசிச்சதுல நானும் ஒருத்தனுங்க. ராணி கோட்டைய உட்டுத் தப்பிச்சுப் போறா பாருங்க, அந்த எடத்துல ரெண்டு நிமிசம் என் கிளாரினெட் மட்டுந்தான். ரெண்டு மைக் வச்சு, பாதிப் பேர அந்தப் பக்கம், பாதிப் பேர இந்தப் பக்கம் உக்கார வச்சு எடுத்தாங்க."

கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப் பந்தியில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த சடையனைக் கூப்பிட்டு நெசமா என்று கேட்டார்கள். சடையன் அந்தப் படத்தை டூரிங் கொட்டகையில் பதினொரு தடவை பார்த்தவர்.

"அந்த எடத்துல குதிரை ஓடுதுங்க, இடி இடிக்குதுங்க. கிளாரினெட்டே கெடையாதுங்க" என்றார், அப்பளத்தை மென்றபடியே.

"அப்ப அந்தக் குதிரைக்கு வாசிச்சிருப்பாரு!" என்று எவனோ சொல்ல, பந்தியே சிரித்தது. சின்னுசாமி பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்து அவருக்குக் 'குதிரைக் கிளாரினெட்' என்று பேர் விழுந்துவிட்டது. கூட வாசிக்கிற பையன்களே அப்படிக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தவர், வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு நூல் கடை வேலைக்குப் போய்விட்டார் என்று சடையன் பிற்பாடு கேள்விப்பட்டார். மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும், காதில் கேட்டதைத்தானே சொன்னோம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

எட்டு வருஷம் போயிற்று. எண்பத்து இரண்டில் சடையன், சக்கரத்தில் சுற்றிய டேப் ஓடுகிற பழைய ஸ்பூல் ரெக்கார்டர் ஒன்று வாங்கியிருந்தார். இசைத்தட்டு கீறிப்போகும், ஸ்பூல் டேப் அப்படிப் போகாது. அதற்கு வேண்டிய ஸ்பூல் தேடி சேலத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் குடைந்தபோது ஸ்பூலும் டேப்புமாக இரண்டு தகர டப்பா கிடைத்தது. மூடப்பட்ட ஏதோ ஸ்டுடியோவின் தட்டுமுட்டுச் சாமானோடு வந்ததாம். ஒரு டப்பாவின் சீட்டில் 'கோட்டைமேட்டு ராணி, பின்னணி' என்று மங்கலாக எழுதியிருந்தது. இன்னொன்றில் சீட்டே இல்லை. வீட்டுக்கு வந்து, மிஷினில் இருந்த இரண்டு ஒயரில் ஒரு பக்கத்து ஒயரை மட்டும் மாட்டி இரண்டையும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தார். சீட்டு இருந்ததில் எக்காளமும் முரசுமாக நல்ல வாத்திய இசை. சீட்டு இல்லாததில் டம டமவென்று முரசுதான்.

அந்த நேரம் பார்த்து அவர் பெண்சாதி அத்தாயியின் அண்ணன் அங்கமுத்து வந்து சேர்ந்தார். அவர் காட்டில் சோளம் பால் பிடித்திருந்தது. குருவித் தொல்லை. குச்சி நட்டு டேப்பை இழுத்துக் கட்டிவிட்டால் வெயிலில் பளபளக்கும், காற்றில் ரீங்காரம் போடும், குருவி அண்டாது. "பழைய டேப்பு ஏதாச்சும் இருந்தாக் குடு மாப்ளே" என்றார். சடையனுக்கு வேண்டியது காலி ஸ்பூல்தான். முரசு டேப்பை மொத்தமாக உருவி மச்சானிடம் கொடுத்துவிட்டார். இப்படியும் ஒரு தாராளம்!

அடுத்த வாரம் மாரியம்மன் பண்டிகை. கோயில் திடலின் கிழக்கே ஒரு குழாய், மேற்கே ஒரு குழாய், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆம்ப்ளிஃபயர். எப்போதும் கட்டுகிற கட்டுதான். காலையில் நாதஸ்வரத் தட்டு உடைந்து கிடந்ததால், பாட்டில்லாத வாத்தியந்தானே என்று அந்த ராணிப் படத்து ஸ்பூலை ஓடவிட்டார். மிஷினின் ஒரு ஒயர் கிழக்கே போனது, இன்னொன்று மேற்கே போனது.

கால் மணி நேரம் ஆகவில்லை. கிழக்குத் தெருவிலிருந்து செங்கோட்டையன் நாலு பேரோடு வந்து நின்றார். கோயில் காரியம் எதுவும் அவரைக் கேட்காமல் நடக்காது.

"ஏனப்பா சடையா, மேற்குத் தெருவுக்குப் பிடிலு, கொழலு எல்லாம் வெக்கிற. எங்களுக்கு மட்டும் வெறும் முரசா? நாங்க என்ன எளப்பமா?"

அவர் முடிப்பதற்குள் மேற்குத் தெரு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு வேறு குறை. "வீரமா முரசடிக்கறது அவிய தெருவுக்கு, அழுவாச்சி மட்டும் எங்களுக்கா? பண்டிகைக்கு நாங்களுந்தானுங்க வரி குடுத்தோம்!"

சடையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரே மிஷின், ஒரே டேப். இவர்களுக்கு என்ன பேய் பிடித்தது என்று நினைத்துக்கொண்டு திடலின் நடுவே போய் நின்றார்.

நின்றவர் நின்றபடியே இருந்தார். ஒரு காதில் முரசும் எக்காளமும். மறு காதில் பிடில்கள். இரண்டும் நடுவில் வந்து சேர்ந்தபோது அந்தப் பொட்டல் திடலில் ஒரு கோட்டையே எழும்பியது. பதினொரு தடவை பார்த்த படத்தில் இப்படி ஒரு சங்கீதத்தை அவர் கேட்டதே இல்லை. பாதிப் பேர அந்தப் பக்கம், பாதிப் பேர இந்தப் பக்கம். சின்னுசாமி பந்தியில் சொன்னது சடையனுக்கு ஞாபகம் வந்தது.

பிடில்கள் மேலே மேலே ஏறின. ராணி கதவைத் திறக்கிற இடம். படத்தில் இங்கேதான் குதிரைக் குளம்புச் சத்தம் வரும். டேப்பில் குதிரை இல்லை, இடியும் இல்லை. அதெல்லாம் பிற்பாடு மேலே சேர்த்தது போலிருக்கிறது. அந்த அமைதியில், மேற்குக் குழாயில் ஒரு வாத்தியம் மெதுவாக எட்டிப் பார்த்தது. இரண்டே இரண்டு சுரம். அதோடு டேப் தீர்ந்து ஸ்பூல் சடசடவென்று சுற்றியது.

இரண்டு சுரம் போதும் அந்தக் காதுக்கு. அது கிளாரினெட். ஆனால் ஊருக்கு இரண்டு சுரம் போதாது. மிச்சம் இரண்டு நிமிஷம் எங்கே என்று யோசித்தார். அடுத்த ஸ்பூலில். அடுத்த ஸ்பூல் எங்கே? அங்கமுத்துவின் சோளக்காட்டில்.

இரண்டு தெருக்காரர்களையும் சமாதானப்படுத்த, அரை மணிக்கு ஒரு தடவை ஒயரை மாற்றி மாட்டிக்கொண்டே பண்டிகையை ஓட்டினார். மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். போய்ப் பார்த்தால், குச்சிக்குக் குச்சி முறுக்கிக் கட்டிய டேப் வெயிலில் மின்னிக்கொண்டு, காற்றில் 'ஙொய்' என்று பாடிக்கொண்டிருந்தது. சடையனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மச்சான், இதையெல்லாம் அவுத்துக்கறனுங்க."

"அவுத்துக்க மாப்ளே. குருவிய யாரு முடுக்கறது?"

நியாயமான கேள்வி. கடைசியில், அறுவடை வரைக்கும் குருவியை விரட்டி முடுக்குவது சடையன் பொறுப்பு என்று பேச்சு முடிந்தது. காட்டுக் கொட்டாயில் ஒரு குழாயைக் கட்டி, பேட்டரியில் பாட்டுப் போட்டார். முதல் நாள் ஒரு குருவியும் வரவில்லை. இரண்டாம் நாள் தூரத்து வேலியில் உட்கார்ந்து கேட்டன. மூன்றாம் நாள் குழாயின் மேலேயே உட்கார்ந்துகொண்டன. அப்புறம் மூன்று வாரம் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு சடையனேதான் வரப்பில் ஓடினார். வெண்ணந்தூர் முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்தது. பந்தியில் சிரிப்பு வாங்கிய ஆளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் சடையனுக்கு உறைத்தது.

கொட்டாய் நிழலில் மற்ற வேலை நடந்தது. மொத்தம் நாற்பத்தொரு துண்டு. ஒவ்வொன்றையும் எந்தக் குச்சியிலிருந்து அவிழ்த்தது என்று சீட்டு எழுதிக் கட்டினார். எச்சத்தையும் புழுதியையும் பழைய வேட்டித் துணியால் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். துடைத்ததைச் சுற்றித் தருவது அத்தாயி. நெசவுக்காரி, நூல் சுற்றுகிற ராட்டையிலேயே ஸ்பூலைப் பொருத்திச் சிக்கில்லாமல் சுற்றினாள். முதல் பத்துத் துண்டை அவளே இணைத்தும் வைத்திருந்தாள். சடையன் ஆசையாக மிஷினில் மாட்டி ஓடவிட்டால், நாலு அடிக்கு ஒரு தரம் 'டொக்' என்று நின்றது. எடுத்துப் பார்த்தார். தறியில் அறுந்த இழையை முடிகிற மாதிரி, இத்தனை சின்னதாக, அழகழகாக முடிச்சுப் போட்டிருந்தாள்.

"அடியே, இது தறிப் பாவு இல்லடி, பாட்டு!"

"அறுந்தா முடியறதுதானுங்க தெரியும். முன்னமே சொல்லோணும்" என்றாள் அத்தாயி, கொஞ்சமும் அசராமல்.

முடிச்சை எல்லாம் வெட்டி, நுனியைப் பிளேடால் சாய்வாக அறுத்து, பின்பக்கம் ஒட்டுநாடா ஒட்டி மறுபடி சேர்த்தார்கள். சில துண்டு தலைகீழாக ஒட்டிப்போய்ச் சங்கீதம் பின்னாலிருந்து முன்னால் வந்தது. சில துண்டு புறம் திரும்பிக்கொண்டு, போர்வைக்குள் வாசிக்கிற மாதிரி முனகியது. அதையெல்லாம் பிரித்து ஒட்டினார்கள். அத்தாயிக்கே பிறகு காது பழகிவிட்டது. "இதுல பிடிலு பாதியில தொங்குதுங்க, வேற துண்டப் பாருங்க" என்பாள். சோளம் அறுத்த அன்றைக்குக் கடைசித் துண்டு சேர்ந்தது. முதல் ஸ்பூலின் கடைசிப் பகுதியையும் அதன் தலையில் ஒட்டி, சடையன் முழுக்க ஓட்டிக் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நடத்துநர் அதற்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டார். அம்மாபேட்டையில் விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சின்னுசாமி வாசலில் நின்று நூல் கட்டுகளை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. அவர் சம்சாரம் முத்தாயம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் தெரியுதுங்களா? மைக் செட்டு சடையன். அன்னைக்குப் பந்தியில தப்பாச் சொல்லிட்டனுங்க."

"தெரியாம என்னங்க" என்றார் சின்னுசாமி. "நீங்க சொன்னது சரிதானுங்க. நானே தேட்டர்ல போயிப் போயிப் பார்த்தேன். கிளாரினெட் இல்லீங்க. சில சமயம் எனக்கே சந்தேகம் வந்திருச்சு, வாசிச்சமா, கனாக் கண்டமான்னு."

 சடையன் வாசலிலேயே மிஷினை வைத்து, உள்ளேயிருந்து கரண்டு இழுத்து, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினார். ஸ்பூல் சுற்றியது. பிடில்கள் ஏறுகிற இடம், கதவு திறக்கிற இடம், எல்லாம் சடையனுக்கு ஓட்டத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சின்னுசாமியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இரண்டு நிமிஷம் தாண்டியது.

"முரசு கொஞ்சம் கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்லீங்களே" என்றார் பாவமாக.

சடையனுக்கு உசிரே போய்விட்டது. மூன்று வாரம் குருவி முடுக்கியது இதற்கா?

"ஏனுங்க, அவருக்கு எடது காது கேக்காதுங்க. ஆறு வருசமாச்சு" என்றாள் முத்தாயம்மாள், முறத்திலிருந்து தலை தூக்காமல்.

அட! கிளாரினெட் வருவதே அந்தப் பக்கந்தான். சடையன் ஹெட்போனைப் பிடுங்கி முன்னது பின்னாகத் திருப்பி மாட்டி, டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி விட்டார்.

இந்த முறை சின்னுசாமியின் விரல்கள்தான் முதலில் அசைந்தன. காற்றில் துளைகளை மூடித் திறந்தன. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே, "மூணாவது அடியில மூச்சு எடுத்திருக்கேன். எடுக்கக் கூடாதுங்க. அந்த எடத்துலயாச்சும் குதிரை வந்து மறைச்சது நல்லதாப் போச்சு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் சடையனும் சேர்ந்துகொண்டார்.

"வர்ற முகூர்த்தத்துல மைக்குல சொல்லிப்போடறனுங்க. நாந்தான் தப்பு, நீங்கதான் சரின்னு ஊரறியச் சொல்றேன்."

"ஊரு கெடக்குதுங்க" என்றார் சின்னுசாமி. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எட்டு வருசமா, நெசமா வாசிச்சீங்களான்னு இவ என்னை ஒரு தரங்கூடக் கேட்டதில்ல. கேக்காததுதானுங்க வலிச்சுது."

எழுந்து போய் முறத்தை வாங்கிக் கீழே வைத்தார். ஹெட்போனைத் தன் கையாலேயே சம்சாரத்தின் தலையில் மாட்டினார். சடையன் மூன்றாம் முறையாக ஸ்பூலைத் திருப்பிவிட்டார்.

முத்தாயம்மாள் கையில் ஒட்டிய தவிட்டோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காதை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டவளுக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியவில்லை. அம்மாபேட்டையில் தறிச் சத்தத்தைத் தாண்டி, நாலு வீடு தள்ளி ஆட்கள் வெளியே வந்து எட்டிப் பார்க்கும்படி கத்தினாள்:

"ஏனுங்க! இது நீங்களாங்க?"