சிவப்பு வட்டம் இல்லாத மாதம்

புனே விமானப்படைத் தளத்தை ஒட்டிய லோஹேகாவில் பேச்சு பாதியில் நிற்கும். போர் விமானம் கூரையை உரசிக்கொண்டு போவது போலப் போகும். வாயைத் திறந்தவர் திறந்தபடி இருப்பார், சத்தம் தேய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். அங்கே நான் போய்வந்த இல்லத்திலும் அப்படித்தான். வீட்டில் வைத்துக்கொள்ள யாருமில்லாத பெண்பிள்ளைகளை அரசின் குழு அங்கே அனுப்பும். பதினெட்டு முடியும்வரை அங்கே இருப்பார்கள்.

பாணேரிலிருந்து சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறிப் போவேன். முதல்முறை கூப்பிட்டது மொழிக்காக. ஒன்பது வயதுச் சிறுமி, தமிழ் மட்டும் பேசுகிறாள், என்ன கேட்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. போனேன். "எனக்குப் பால் புடிக்காது" என்றாள். அவ்வளவுதான். இந்தியில் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். எட்டு வருடம் போய்க்கொண்டிருந்தேன். அதற்குள் அவளுடைய தமிழ் மெலிந்துவிட்டது, எனக்கு ஐம்பது நெருங்கிவிட்டது.

இல்லத்தில் ஒரு நோட்டு உண்டு. சாமான் அறைக் கதவில் கயிற்றில் தொங்கும். மாதவிலக்கு வந்தால் மாவ்ஷியிடம் போக வேண்டும். மாவ்ஷி என்றால் சித்தி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். பெயர், தேதி, கையெழுத்து போட்டால் ஒரு பாக்கெட் பேடு. அன்றைக்கே சுவர் காலண்டரில் பெயரின் முதல் எழுத்தைச் சுற்றி சிவப்பு வட்டம் ஏறும். மாதக் கடைசியில் வட்டம் இல்லாதவளை அலுவலகத்துக்குக் கூப்பிடுவார்கள். எட்டு வருடமாக அந்த நோட்டின் அடியில்தான் செருப்பைக் கழற்றினேன். அது என்ன வேலை செய்கிறது என்று யோசித்ததில்லை.

அந்தத் தமிழ்ச் சிறுமிக்குப் பதினெட்டாக மூன்று மாதம் இருந்தபோது, முந்தின வருடம் வெளியேறிய ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். இவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்து வளர்ந்தவள். ஹடப்சரில், இல்லத்தை விட்டுப் போகும் பெண்களுக்கென்று ஒரு விடுதி இருக்கிறது. இருபத்தொன்று வரை கட்டிலும் சாப்பாடும் தருவார்கள், வேலைக்குப் போய்வரலாம். வயிறு தெரிய ஆரம்பித்ததும் அங்கிருந்து அனுப்பிவிட்டார்களாம். இங்கேயும் அலுவலகத்தைத் தாண்டி விடவில்லை. எங்கள் பெண்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹடப்சரில் அடுத்துக் காலியாகும் கட்டில் இவளுக்குத்தான் என்று பேச்சாகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை வேப்பமரத்தடியில் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, திட்டக் கூடாது. பச்சா, அதான் கொழந்த, வேணாம்னா என்ன பண்ணணும்?"

விமானம் வந்தது. பதில் தேட அது எனக்குக் கொடுத்த நேரம் தாராளம். சத்தம் போனதும் வாயிலிருந்து விழுந்தது கேள்விதான்.

"யாரையாவது புடிச்சிருக்கா?"

"பாத்தீங்களா, மாவ்ஷியும் இதேதான் கேப்பாங்க. யாரும் இல்ல. வாசல்ல வந்து நின்னாளே, அவளுக்கும் மொதல்ல யாரும் இல்லதான்."

"டாக்டர்கிட்ட கேக்கறதுதான் நல்லது."

"டாக்டர் வந்தா மாவ்ஷி பக்கத்துல நிப்பாங்க. தனியா உக்காந்து பேசறது நீங்க மட்டும்தான். எனக்கு அந்தக் கட்டில் வேணும் அக்கா. மூணு வருஷமும் வேணும்."

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். பதினெட்டு நிரம்பாதவளிடம் இதைப் பேசினால் போலீஸ், கேஸ், குழு என்று எங்கே போய் நிற்குமோ என்று பயம். அந்தப் பயத்தில் பாதி நிஜம், பாதி சாக்கு.

அடுத்த வாரம் பதிலைக் கொண்டுபோகவில்லை. ஒரு பெட்டி நிறைய பேடு கொண்டுபோனேன். குளியலறை அலமாரியில் யாருக்கும் தெரியாமல் அடுக்கினேன். இனி இந்தப் பிள்ளைகள் யார் முன்னாலும் கைநீட்டி நிற்க வேண்டாம். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. என்னை எனக்கே பிடித்திருந்தது.

மாதம் முடிந்தபோது காலண்டரில் நான்கு பேருக்கு வட்டம் இல்லை. சின்னவர்கள் மூவரைக் கேட்டார்கள், விட்டார்கள். வெளியேறப் போகிறவளை விடவில்லை. சிறுநீர் பிடிக்கக் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்துக் குளியலறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார்கள். பரிசோதனைப் பட்டையில் ஒரு கோடுதான் விழுந்தது. கர்ப்பம் இல்லை. நம்பாமல் ஒரு வாரம் கழித்து மறுபடியும். இரண்டும் அவளுடைய ஃபைலில் ஏறின. அந்த ஃபைல்தான் ஹடப்சருக்குப் போகும்.

நான் போனபோது தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வெச்ச பேடு நல்லா இருந்துச்சு அக்கா. றெக்கையெல்லாம் வெச்சிருந்துச்சே, விமானக் கம்பெனியா? ஆனா அதுல கையெழுத்து போட எடமே இல்ல."

சிரித்தாள். எனக்குப் புரிய நேரமானது. என் அலமாரியிலிருந்து எடுத்தவர்கள் நோட்டில் கையெழுத்துப் போடவில்லை, அதனால்தான் வட்டமும் இல்லை.

"நான் வெச்சேன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா உங்கள உள்ள விடமாட்டாங்க. அப்புறம் யாரைக் கேக்கறது? நீங்க இன்னும் சொல்லவே இல்லியே."

அலுவலகத்துக்குப் போனேன். இல்லத்தின் கண்காணிப்பாளர் என் வயதுப் பெண். மேஜையில் பாதி தின்ற வடாபாவ், காகிதம் மூடியபடி. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"நீங்க சனிக்கிழமை வர்றீங்க தாயீ," என்றார் மராத்தியில். அங்கே தாயீ என்றால் அக்கா. "எனக்கு ஏழு நாளும் சனிக்கிழமை. ஒருத்திக்கு ஏதாவது ஆனா முதல்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க. அந்த நோட்டு எனக்காக."

"வெளியே போற பொண்ணுங்களுக்காவது ஒரு டாக்டர் வந்து விளக்கிச் சொல்லலாமே?"

"சொன்னா நானே கத்துக்குடுத்து அனுப்பினேன்னு ஆகும். சொல்லாட்டி அவளே கெட்டுப்போனான்னு ஆகும். நீங்களா இருந்தா எது பண்ணுவீங்க?"

நான் என்ன செய்தேன் என்று இருவருக்கும் தெரியும். பேடு வாங்கினேன்.

ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். அனுமதியின்றிப் பொருட்களைக் கொண்டுவந்தது நான், நோட்டில் பதிவு விடுபட்டதற்கு அந்தப் பெண் காரணமல்ல. எழுதினேன். அவர் ஃபைலைத் திறந்து இரண்டு பரிசோதனைகளுக்கும் பக்கத்தில் என் தாளைப் பொருத்தினார். பிறகு, இனி வர வேண்டாம் என்றார். குரலை உயர்த்தவில்லை. வடாபாவைத் திரும்ப எடுத்தார்.

முற்றத்தில் அவளிடம் சொல்ல ஒரு நிமிடம்தான் இருந்தது. மாவ்ஷி ஜன்னலில் நின்றார்.

"பொறந்தநாளன்னிக்கு கேட் வெளில நிக்கறேன்."

"கேக் வேணாம்," என்றாள்.

எட்டு சனிக்கிழமைகள் வீட்டில் கழிந்தன. துணி மடித்தேன். ஹடப்சர் விடுதி அவளை எடுத்துக்கொண்டது என்று மாவ்ஷிதான் போனில் சொன்னார், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று.

பிறந்தநாளன்று காலை ஒரு பையோடு வெளியே வந்தாள். பாவ்பாஜி சாப்பிடலாமா என்றேன்.

"அப்புறம். நீங்க சொல்ல வேண்டியது பாக்கி இருக்குல்ல?"

விடுதிக்குப் போகும் வழியில் அரசு ஆரோக்கிய நிலையம். குடும்பநல ஜன்னலில் பச்சை ஸ்வெட்டர் போட்ட நர்ஸ். "லக்ன ஜால கா?" கல்யாணம் ஆகிவிட்டதா என்று. இல்லை என்றாள். பேனா நின்றது. அப்புறம் எதற்கு என்றார்.

நான் வாய் திறந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள். பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். பென்சிலில், தேவநாகரியில், வரிசையாகக் கேள்விகள். மாத்திரையை ஒருநாள் மறந்தால்? ஊசி போட்டால் பிறகு குழந்தையே பிறக்காதா? காப்பர்-டி வலிக்குமா? ஆணுறை இலவசமா? நர்ஸ் வயதைக் கேட்டார்.

"பதினெட்டு. இன்னிலேர்ந்து."

நர்ஸ் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஸ்டூலைக் காலால் இழுத்துப்போட்டார். அரைமணி நேரம் பேசினார். மர இழுப்பறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அவள் ஒவ்வொரு கேள்வியாக அடித்தாள். அங்கே விமானச் சத்தம் இல்லை. எதுவும் பாதியில் நிற்கவில்லை.

"இப்ப எது வேணும்?"

"இப்ப எதுவும் வேணாம். எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும்."

எழுந்தவள் மேஜையிலிருந்த நீள நோட்டைப் பார்த்தாள். பார்த்ததுமே கை பேனாவை எடுத்துவிட்டது.

"எங்க கையெழுத்து போடணும்?"

"எதுவுமே வாங்கலியே. எதுக்கு கையெழுத்து?"

பேனாவோடு சற்று நின்றாள். அடுத்து நின்ற பெண் இடித்தாள். பேனாவை மூடி, நோட்டின் மேல் வைத்துவிட்டு, பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.