நான் கொட்டாத ‘ம்’

என் கையெழுத்து எனக்கே சில சமயம் புரியாது. எழுத்துப் பிழையும் நிறைய வரும். என் மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், மீதியைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேரையூர் பக்கம் ஒரு ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இருபது வருடமாகத் திருநகரில் ஆட்டோ ஓட்டுகிறேன். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான ஓட்டம்.

அதில் ஒரு பிள்ளைக்கு எட்டு வயது. டியூஷன் எடுத்த ஆள் அவளிடம் தப்பாக நடந்துகொண்டார் என்று தெரியவந்து, வீட்டில் போலீஸுக்குப் போனார்கள். என்ன நடந்தது என்பதையும், பிள்ளை யார் என்று தெரியும்படியான எதையும் நான் எழுதப் போவதில்லை. அவளிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். இப்படியும் கேட்பார்களா என்று இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பிள்ளை சொல்லும்போது அவள் நம்புகிற ஒருவர் கூடவே இருக்க வேண்டுமாம். அம்மா இருந்தால் அழுதுவிடுகிறார், அதைப் பார்த்துப் பிள்ளை நிறுத்திவிடுகிறாள். அப்பாவுக்கும் அங்கே உட்காரத் தெம்பு இல்லை. யார் இருக்கட்டும் என்று கேட்டதற்கு, ‘ஆட்டோ மாமா’ என்றாளாம்.

என் மனைவியால் நம்பவே முடியவில்லை. “கல்யாணத்துல ஐயரு ஒங்க பேரக் கேட்டதுக்கே முழிச்ச ஆளு நீங்க. ஒங்களப் போயி ஏன் கேட்டுச்சு அந்தப் புள்ள?”

எனக்குக் காரணம் தெரியும், சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. அவள் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் கதை சொல்வாள். எனக்குப் பேச வராது. ஆனால் நன்றாக ‘ம்’ கொட்டுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை போலீஸ் பிள்ளையின் வீட்டுக்கே வந்தது. பெண் எஸ்.ஐ. சுடிதாரில் இருந்தார். கேமரா பிடிக்க வந்த பெண் போலீஸும் காக்கிச் சட்டை போடவில்லை. அம்மா அடுத்த அறைக்குப் போனார். எஸ்.ஐ. என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அண்ணே, நீங்க இருக்கது அவ தைரியத்துக்கு மட்டுந்தான். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, ‘ம்’னுகூடச் சொல்லக் கூடாது. சொன்னா நீங்க சொல்லிக் குடுத்ததா ஆயிரும். அந்த ஆளோட வக்கீல் அத ஒண்ணையே பிடிச்சுக்கிருவாரு.”

பிறகு தரையில் உட்கார்ந்து பிள்ளையிடம் சொன்னார்: “எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் தப்பாச் சொன்னா நீதான் திருத்தணும். ஒனக்கு இருபது வயசு, சரியா?”

“ஐயய்ய! எட்டு!”

வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி, சின்னப் பிள்ளையிடம் திருத்தம் வாங்கிக்கொள்கிற போலீஸை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் தெருவில் குட்டி போட்ட நாயைப் பற்றிக் கேட்டார். அவள் படபடவென்று சொன்னாள். அப்புறம், “டியூஷனப் பத்திச் சொல்லு” என்றார். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டது, ஃபேன் கிறீச்சென்று ஓடியது என்று நாலு வார்த்தை சொன்னாள். பிறகு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

“மாமா, ஏன் ‘ம்’ கொட்ட மாட்டேங்குறீங்க? எம்மேல கோவமா?”

கொட்டினால் கேஸ் கெட்டுப்போகும். கொட்டாவிட்டால் அவள் இனி வாயே திறக்க மாட்டாள். என் வாய் பாதி திறந்துவிட்டது.

எஸ்.ஐ. சட்டென்று, கேமராவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “மாமாவுக்குக் கோவம் இல்ல. நான்தான் அவரப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். கதை சொன்னா யாராச்சும் ‘ம்’ கொட்டணுமோ?”

“பின்ன? கேக்குறாகளா தூங்குறாகளான்னு எப்படித் தெரியும்?”

“அப்ப நான் கொட்டவா?”

“கொட்டுங்க. சும்மா கொட்டக் கூடாது. கேட்டுக்கிட்டே கொட்டணும்.”

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் கண் கொட்டாமல் கவனித்தேன். நான் கொட்டினால் சிரிப்புக்கு ஒரு மாதிரி வரும், பாவப்பட்டால் நீளமாக இழுக்கும். எஸ்.ஐ.க்கு எல்லாம் ஒரே அளவு. ஃபேனுக்கு ஒரு ‘ம்’. செருப்புக்கு ஒரு ‘ம்’. கேட்கவே முடியாத அந்த இடம் வந்தபோதும் அதே ‘ம்’. நான் என் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே மட்டும் அவர் குரல் மாறியிருந்தால், மேடத்துக்கு வேண்டியது இதுதான் என்று பிள்ளைக்குத் தெரிந்துபோயிருக்கும். ‘அவர் இப்படிச் செஞ்சாரா’ என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ‘அப்புறம்?’ என்று மட்டும்தான் கேட்டார். பிள்ளை முழுவதையும் தன் வார்த்தையிலேயே சொல்லி முடித்தாள்.

எஸ்.ஐ. தான் எழுதிக்கொண்டதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டியபோது, “சேர் இல்ல, ஸ்டூலு” என்றாள். எஸ்.ஐ. அடித்துவிட்டு ஸ்டூல் என்று எழுதினார்.

கிளம்பும்போது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “எப்படி மேடம் ஒண்ணு போலவே கொட்டுனீங்க?”

“பழக்கந்தாண்ணே. ‘ஒங்கிட்டக் கதை சொல்றதும் செவுத்துகிட்டச் சொல்றதும் ஒண்ணுதான்’னு வீட்டுல என் மகன் சண்டை போடுறான்.”

கோர்ட்டில் என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அந்த ஆளுடைய வக்கீல் வீடியோவை நிறுத்திக் காட்டினார்.

“இங்க எதுக்கு வாயத் தொறந்தீங்க? என்ன சொல்லிக் குடுத்தீங்க?”

“‘ம்’ கொட்டப் போனேங்க.”

“கொட்டுனீங்களா?”

“இல்லைங்க.”

மேற்கொண்டு ஓடவிடச் சொன்னார் நீதிபதி. பிள்ளை கேட்டதும், எஸ்.ஐ. சொன்னதும் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. சொல்லிக் கொடுத்தது என்கிற பேச்சு அதோடு நின்றது. போன வாரம் அந்த ஆளுக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. பிள்ளை சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார்களாம்.

நான் எழுதி, அது கேஸுக்கு ஏதாவது இடைஞ்சல் ஆகிவிடுமோ என்று பயந்து இத்தனை நாளாகப் பேனாவைத் தொடவில்லை. இன்றுதான் எழுதினேன். ஆனி மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.