ரிப்பன் கட்டிய முதலுதவிப் பெட்டி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். வாராவாரம் இந்தப் பத்தியில் எழுத எனக்கு என்ன தகுதி என்று இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதுவும் சொந்தச் சபைக்காரர்களைக் குறை சொல்லி எழுதுவது... மன்னித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

மராத்தி ஊரான தாபோடியில் எங்கள் தமிழ்த் திருச்சபைக்கு ஒரு முதலுதவிக் குழு உண்டு. வெள்ளம் வந்தால் ரொட்டியும் போர்வையும் கொண்டுபோவோம். பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் பக்தர்கள் எங்கள் பக்கம் வரும் நாளில், ரோட்டோரம் பந்தல் போட்டு அவர்கள் காலுக்குக் கட்டுப் போடுவோம்.

"அவங்க சாமி வேற, நம்ம சாமி வேற. கொப்புளம் ஒண்ணுதானே?" என்பார் செயலாளர் ஜெபராஜ் அண்ணன். நல்ல மனிதர். அதில் சந்தேகமே இல்லை.

இந்த வருடம் புதுப் பெட்டி வாங்கினோம். திறந்துவைக்க ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரை அழைத்திருந்தார்கள். பெட்டியைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். பக்கத்தில் ஒரு தட்டு. தட்டில் கத்தரிக்கோல்.

பக்தர்கள் ஊர்வலம் வந்துவிட்டது. டாக்டர் வரவில்லை. எப்படி வருவார்? ஊர்வலத்துக்காகத்தான் ரோட்டை மூடியிருக்கிறார்களே.

ஒரு அம்மாள் நொண்டிக்கொண்டே பந்தலுக்குள் வந்தார். குதிகாலில் ரத்தம். கண்ணாடிச் சில்லு.

"தாயி, பட்டி ஆஹே கா?" கட்டுத் துணி இருக்கிறதா என்று மராத்தியில் கேட்கிறார். கேட்டுக்கொண்டே ரோட்டைப் பார்க்கிறார். அவருடைய ஊர்க்காரர்கள் ஒரு காவிக் கொடியின் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். கையில் போன் இல்லை. அந்தக் கொடி கண்ணை விட்டு மறைந்தால், அத்தனை கூட்டத்தில் யாரைத் தேடுவார்?

"அண்ணே, ரத்தம் வருது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பார்த்தேன் சிஸ்டர். டாக்டர் ஐயா பாலத்துக்கிட்ட வந்துட்டாராம். ரெண்டே நிமிஷம்."

"பழைய பெட்டி...?"

"அதைக் காலி பண்ணித்தானே இதுல வச்சிருக்கோம்."

"ரிப்பனை அவுத்துட்டுப் பெறவு கட்டிக்கிடலாம்லா?" என்றார் பக்கத்தில் நின்ற மேரி அக்கா.

"போட்டோவுல கசங்கித் தெரியும் மேரி. சும்மா நிக்காம எல்லாரும் ஜெபம் பண்ணுவோம்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். அந்த அம்மாளும் எங்களைப் பார்த்துக் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெபத்துக்கு நான் விரோதி இல்லை. ஆனால் அண்ணனின் ஜெபம் உலகத்தைப் படைத்த நாளில் தொடங்கும். தாபோடிக்கு வந்துசேர நேரமாகும். மூன்று ஞாயிறு எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள் — ரத்தத்தைக் கண்டால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று. ரிப்பனைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டினேன்.

தண்ணீர் ஊற்றிக் கழுவியதில் சில்லு தானாக வந்துவிட்டது. மருந்து வைத்துச் சுற்றினேன். "காயப்பட்டவர்களை நினைத்தருளும் ஆண்டவரே" என்று அண்ணன் உருகியபோது நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கொடியைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். கூட்டத்துக்குள் அவர் தலை மறையும்போது, அந்தக் கொடி அவருக்குப் பத்தடி முன்னால்தான் இருந்தது.

ஆமென். அண்ணன் கண் திறந்தார். முதலில் பார்த்தது ரிப்பனை.

"யாரு வெட்டுனது?"

நான் தரையைப் பார்த்தேன். கத்தரிக்கோல் என் கையில்.

"டாக்டர் வரல, காயம் வந்துட்டுண்ணே" என்றார் மேரி அக்கா.

அண்ணன் வெட்டுப்பட்ட ரிப்பனைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தார். சாயங்காலம்வரை எல்லோரும் கட்டுப் போட்டோம். அவரும்தான் — என்னோடு மட்டும் பேசாமல்.

உதவி செய்ய நமக்கு மனசு இருக்கிறது. ஆள் இருக்கிறது. பஞ்சும் மருந்தும் இருக்கிறது. அதன்மேல் ஏன்தான் ஒரு ரிப்பனைக் கட்டுகிறோமோ?

மறுநாள் டாக்டர் வந்தார். புது ரிப்பன் கட்டியிருந்தார்கள். வெட்டினார். போட்டோ எடுத்தார்கள். ரோட்டில் பக்தர் ஒருவரும் இல்லை.