மடுவத்து வளைவில் ஒரு கல்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் பாதையில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவின் ஓரத்தில் ஒரு கருங்கல் கிடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் டயர் பட்டுப் பட்டு வழவழவென்றிருக்கும். உட்கார்ந்தால் முழங்கால் மார்பை முட்டும் அளவுக்குத்தான் உயரம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பாவின் வேன்தான் நினைவுக்கு வரும்.

சித்தப்பா கலியாணம் முடித்த கையோடு கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவர். தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் மட்டும் வீட்டுக்கு வருவார். சித்தி தோட்டத்து லயத்து வீட்டில் தனியாக இருந்தார். அவர் அந்த வேனை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பிறகுதான் இருவரும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தினார்கள். பழைய வேன்தான். தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும், ஹேண்ட்பிரேக் பேருக்கு இருந்தது, மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். காலையில் பதுளைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார். மாலையில் திரும்பி வரும்போது அந்த வளைவில் நிறுத்தி, கொழுந்து நிறுத்து முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு மேல் லயத்துக்குப் போவார். பதுளைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்த நானும் தினமும் அதில்தான் வீடு திரும்பினேன்.

கடைசியாக ஏறுகிறவர் எப்போதும் சித்திதான். தராசுக்காரரோடு அவருக்கு அன்றாடம் ஒரு வழக்கு இருக்கும். ஈரக் கொழுந்து, சாக்கு எடை என்று சொல்லிக் கிலோவைக் கழிப்பார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சித்தி அங்கேயே நின்று நியாயம் கேட்பார். அவருடைய குரல் வளைவு வரைக்கும் கேட்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். சித்தப்பா, என்ஜின் உறும, முன்னால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் மாலை அதே வளைவில் வேன் நின்றுவிட்டது. என்ஜின் கத்துகிறது, வண்டி அசையவில்லை. பழஞ்சாக்கைக் கொளுத்தியதுபோல் ஒரு நாற்றம். நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளி, வண்டியை மடுவத்து முற்றத்தில் சேர்த்தோம். சித்திக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. அந்த வேன் அவருடைய சம்பளத்தையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்த காலம் அது.

"இந்தச் சனியன வித்துத் தொலைச்சிட்டுக் கொழும்புக்கே போங்க. நான் முந்தி மாதிரி இருந்துக்கிறேன்."

வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் சித்தப்பா அன்று சிரிக்கவில்லை. "சரி, கராஜ் பாஸ் வந்து பாக்கட்டும். கூடச் செலவுன்னா வேன வித்துட்டுப் போயிர்றேன்" என்றார். சித்தியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கத் தெரியாத மனுஷி.

ஞாயிற்றுக்கிழமை பதுளை கராஜிலிருந்து மெக்கானிக் பாஸ் வந்தார். முற்றத்தில் சாக்கை விரித்துப் படுத்து, கியர்பாக்ஸை இறக்கினார். லயத்து ஆம்பிளைகள் நாலைந்து பேர் கைகொடுத்தார்கள். கழற்றிய கிளச் பிளேட்டைத் தூக்கிக் காட்டினார். மேலே ஒட்டியிருக்க வேண்டியது முழுக்கத் தேய்ந்து, ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன. அதை அழுத்திப் பிடிக்கும் இரும்பு வட்டம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"இது ஓடித் தேஞ்சதில்ல அண்ணே, நின்னு தேஞ்சது" என்றார் பாஸ். "ஏத்தத்துல எங்கயோ கிளச்சுலயே வண்டியப் புடிச்சு வச்சிருக்கீங்க. நெடுநேரம். தினமும்."

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "பிரேக்குல நின்னா எடுக்கையில பின்னுக்கு உருளும் பாஸ். பின்னாலதான பொம்பளைங்க ஏறுவாங்க. ஆஃப் பண்ணுனா அந்த ஏத்தத்துல திருப்பி ஸ்டார்ட்டும் வராது."

"மத்தவங்க ஏறுனதும் எடுத்திருக்கலாமே?"

சித்தப்பா குனிந்து, கழற்றிப் போட்ட நட்டுகளைப் பொறுக்கினார். அவர் யாருக்காகக் காத்திருந்தார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மேல் லயம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். சித்தியை விட்டுவிட்டு வந்திருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. தராசடியில் அவர் சண்டை போட்ட ஒவ்வொரு மாலையும் அந்தப் பிளேட்டில் தேய்ந்திருந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்கள் யாரும் இந்த முறை சிரிக்கவில்லை.

சித்தி அந்தப் பிளேட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு, "புதுசு போடுங்க பாஸ்" என்றார். அவ்வளவுதான். கொழும்புப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் விடியலில் சித்தி தேயிலை மலையிலிருந்து அந்தக் கல்லை உருட்டிக்கொண்டு வந்து வளைவில் போட்டார். முதலில் வருகிறவள் பின் சக்கரத்துக்கு அதை முட்டுக் கொடுக்க வேண்டும் என்று சட்டமும் போட்டார். சீக்கிரம் வருவதாக மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கு தொடர்ந்தது. சித்தப்பா கியரை எடுத்துவிட்டு, கிளச்சை மிதிக்காமல் காலை நீட்டிக் காத்திருந்தார்.

அந்த வேன் இப்போது இல்லை. தகரம் துருப்பிடித்து உதிரத் தொடங்கியதும் பழைய இரும்புக்காரர் கொண்டுபோய்விட்டார். சித்தப்பா லயத்துக்குப் பின்னால் போஞ்சி, கோவா என்று மரக்கறி பயிர் போடுகிறார். வயதாகித் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டிய பிறகும் சித்தி கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார்.

போன மாதம் அவர்களைப் பார்க்கப் போனபோது, நமுனுகுல மலைப் பக்கமிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வளைவில் சித்தப்பா அந்தக் கல்லின்மேல் குந்தியிருந்தார், முழங்கால் மார்பை முட்ட. மேலே மடுவத்தில் அந்தக் குரல் கேட்டது. குரல் கொஞ்சம் உடைந்திருந்தாலும் வழக்கு அதேதான்.

"இன்னுமா சித்தப்பா?"

"வாம்மா. இப்பத்தான ஆரம்பிச்சிருக்கா" என்று பக்கத்தில் இடம் காட்டினார்.

நான் நின்றபடியே காத்திருந்தேன். ஒருவழியாகச் சித்தி வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வெறும் கூடையைச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

"எந்திரிங்க" என்றார். "கல்லும் தேஞ்சிரப் போவுது."